பனிக்கு நான் சொன்ன ஆங்கிலம்

1

ஏப்ரல் மாதத்தில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் வெயில் தாங்காமல் சர்பத் குடித்துக்கொண்டு நிற்கிற ஒருவரிடம், இங்கே இன்று காலை புல் உறைந்து கிடந்ததால் ஐந்து பேர் ஒன்றரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம் என்று சொன்னால் நம்பமாட்டார். ஆனால் அதுதான் நடந்தது. டொராண்டோவிலிருந்து காரில் இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்லைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கோட்டாறு கம்போளத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகன் புல் வளர்க்கக் கனடாவுக்குப் போனான் என்று சொந்தக்காரர்கள் இன்றும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மைதானத்தில் பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் ஒரு சின்னப் புல்தரை. அதைக் கிரீன் என்கிறார்கள். பந்தைத் தரையோடு உருட்டிக் குழிக்குள் விழவைக்கும் இடம் அது என்பதால் வழுவழுவென்று இருக்கவேண்டும். கோடை வந்தால் அங்கே புல்லின் உயரம் இரண்டு ஒரு ரூபாய்க் காசுகளை அடுக்கி வைத்த அளவுதான். ஒரு சின்னக் குழிவு இருந்தாலும் பந்து விலகும், விளையாடுகிறவர் எங்களை ஏசுவார்.

வசந்தகாலம்தான் எங்களுக்குக் கஷ்டகாலம். மார்ச் கடைசியில், குளிருக்குப் போர்த்தி வைத்த விரிப்புகளை உருவுவோம். மக்கிய வாடை மூக்கில் அடிக்கும். அடியில் புல் மஞ்சளாகச் சோர்ந்து கிடக்கும். சில இடங்களில் முதுகில் தேமல் படர்ந்த மாதிரி வட்டம் வட்டமாகப் பூஞ்சை பிடித்திருக்கும். அதை மெதுவாக வாரிவிட்டுக் காற்றுப் பட விடுவோம். குளிரில் மண் விம்மி மேடுபள்ளமாகியிருக்கும். லேசான உருளையை ஓட்டி அமர்த்துவோம். முதல் வெட்டில் நுனியை மட்டும்தான் எடுப்போம். பிறகு விரல் நீளத்துக்குத் துளைகள் போட்டு, மண்ணை எடுத்துவிட்டு, மணலைத் தூவி, தூரிகையால் தள்ளித் தள்ளி நிரப்புவோம். இத்தனைக்கும் மண் சூடேறாமல் புல் வளராது. வளராத புல்லில் காயம் பட்டால் ஆறவும் செய்யாது. அதனால்தான் இந்த மாதங்களில் கிரீன் மேல் கால் வைப்பதற்கு முன் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசிப்போம்.

என் மகள் ஷிஃபாவுக்குப் பதினெட்டு வயது. கல்லூரிக்குப் போகும் முன் வார இறுதிகளில் எங்கள் மைதானத்தில் வேலை செய்கிறாள். இன்று காலை என்னோடு பதினான்காம் கிரீனுக்கு வந்தாள். மற்ற இடங்களை விட அது பள்ளம்; கிழக்கே பைன் மரங்கள். வெயில் கடைசியாகத்தான் வரும். அதனால் உறைந்திருக்கிறதா என்று அங்கேதான் பார்ப்போம். ஓரத்தில் குத்தவைத்து விரலால் ஒரு புல்லைத் தொட்டாள். ஒடிந்தது.

"வாப்பா, ஃப்ராஸ்ட்டுக்குத் தமிழ்ல என்ன?"

"பனி."

"அது ஸ்நோ இல்லையா? போன வாரம் ஸ்நோவுக்கும் அதுதானே சொன்னீங்க?"

"அதுவும் பனிதான்."

"அப்போ டியூ?"

"அதுவும் பனி."

சிரித்தாள். "எல்லாத்துக்கும் ஒரே வேர்டா? அப்போ ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்கு எப்படிப் புரியும்?"

உறைபனி என்று ஒரு சொல் இருப்பது எனக்குத் தெரியும். பள்ளிப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். எங்கள் ஊரில் அது விழுந்தும் நான் பார்த்ததில்லை, அந்தச் சொல்லை யாரும் சொல்லியும் கேட்டதில்லை. ஆனால் அதை அவளிடம் நான் சொல்லாததற்கு அது காரணம் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே கிரீனில் நடந்த ஒன்றை அவளிடம் நான் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

2

ராஜலிங்கத்தைத் துபாயில்தான் முதலில் பார்த்தேன். அங்கேயும் ஒரு கோல்ஃப் மைதானம், பாலைவன மணல் மேல் வளர்த்த புல். நாகர்கோவிலில் இருந்து ஒருவன் வந்திருக்கிறான் என்று யாரோ சொல்ல, தேடிப் போனேன். "ஏலே, கோட்டாறா நீ?" என்றான் எடுத்த எடுப்பில். அவன் கீரிப்பாறைக்காரன். அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன். அய்யாவழிக் குடும்பம். தினமும் நெற்றியில் வெள்ளை நாமம் இட்டுக்கொண்டுதான் வேலைக்கு வருவான். எட்டு மணிக்குள் வியர்வை அதைக் கரைத்துவிடும்.

ரப்பர் மரத்தில் கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரம் கெட்டுவிடும், கொஞ்சம் மேலாகப் போனால் பால் வராது. அந்தக் கை அவனுக்கு இருந்தது. புல்வெட்டும் எந்திரத்தின் கத்திகளைச் சரிசெய்யும்போது ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்துப் பார்ப்போம். சுத்தமாக நறுக்கினால் சரி. மற்றவர்கள் அரை மணி நேரம் திருகிக்கொண்டிருப்பதை அவன் இரண்டு திருகில் முடிப்பான். மூன்று மாதத்தில் கத்தி வேலை முழுவதும் அவனிடம் வந்துவிட்டது.

துபாயில் குளிர்காலக் காலைகளில் புல்லில் ஈரம் கொட்டிக் கிடக்கும். வெட்டுவதற்கு முன் அதை உதறவேண்டும். ஒரு நீளக் கயிற்றின் இரண்டு நுனிகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு கிரீன் மேல் இழுத்துப் போவோம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் பனி தட்டுவது. "வாலே, பனி தட்டீட்டு வருவோம்" என்பான். ஆறு வருடம் தினமும் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறோம்.

நான் கனடாவுக்கு வந்தேன். மனைவி ரஹ்மத்தும் ஐந்து வயது ஷிஃபாவும் வந்தார்கள். நான்கு வருடத்தில் உதவி மேற்பார்வையாளர் ஆனேன். இன்னும் ஒரு ஆள் வேண்டும் என்று மேற்பார்வையாளர் கிரெய்க் கேட்டபோது ராஜலிங்கத்தின் பெயரைச் சொன்னேன். வேலை அனுமதி எங்கள் மைதானத்தின் பெயரில் மட்டும் கிடைத்தது. வேறெங்கும் அவன் வேலை செய்யமுடியாது. அதைப் பற்றி அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. அந்த ஏப்ரல் மாத நடுவில் துபாயிலிருந்து நேராக வந்து இறங்கினான். வீடு கிடைக்கும்வரை எங்கள் வீட்டின் கீழ் அறையில் தங்கினான். ரஹ்மத்தின் மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "மதினி, இது கொளச்சல் மீனில்ல, ஆனாலும் கொள்ளாம்" என்பான். ஷிஃபா அவனை ராஜா மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே திரிவாள்.

3

வந்தவுடன் அவனுக்குப் பயிற்சி கொடுப்பது என் பொறுப்பு. ஆங்கிலத்தில் ஒரு தாள் இருந்தது. இருபத்தைந்து விஷயங்கள், ஒவ்வொன்றையும் விளக்கிச் சொல்லி, கற்றுக்கொண்டவனின் கையெழுத்தை வாங்கவேண்டும். எந்திரங்களைக் காட்டினேன். மீதியை "பொறவு சொல்லுகேன், ஒப்பு போடு" என்றேன். போட்டான். மீதியில் ஒன்று, உறைந்த புல்லின் மேல் ஏறக்கூடாது என்பது.

மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. சனிக்கிழமை சீசனின் முதல் போட்டி. காலையில் யாரும் கிரீனுக்குப் போகும் முன் பதினான்கைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது என் வேலை. அன்று நான் போகவில்லை. எங்கள் குடும்பம் இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான விண்ணப்பத்தை, எந்திரங்கள் நிற்கும் கொட்டகையின் மேசையில் விரித்து வைத்திருந்தேன். பத்து வருடத்து முகவரிகளை ஒரு மாதம்கூட இடைவெளி விடாமல் எழுதவேண்டும். துபாயில் தொழிலாளர் குடியிருப்பில் எத்தனையாவது அறை என்றுகூடக் கேட்டிருந்தார்கள். ஒருமுறை தேதி தவறித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று மதியத்துக்குள் தபாலில் போடவேண்டும் என்ற அவசரத்தில் இருந்தேன். கொட்டகை வாசலிலிருந்து பார்த்தால் முதல் கிரீன் தெரியும். அதில் வெயில் பட்டு ஈரம் மினுங்கியது. அதுவே போதும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

வாக்கிடாக்கியில் ராஜலிங்கம் கூப்பிட்டான்.

"நஸீரே, பதினாலுல நெறைய பனி கெடக்கு. உருட்டட்டா?"

"பனிதானே மக்கா. உருட்டு."

"நீ பாத்தியா?"

"பாத்தாச்சு பாத்தாச்சு."

நாங்கள் பேசியது இவ்வளவுதான். அவன் சொன்ன பனி வேறு, நான் கேட்ட பனி வேறு. அவன் வாழ்க்கையில் முதல்முறையாக வெள்ளையாக உறைந்த புல்லைப் பார்க்கிறான். அதற்கு அவனிடம் அந்தச் சொல்தான் இருந்தது. என் காதில் துபாய் ஈரம்தான் விழுந்தது. அந்த மட்டுக்கும் அது யார் தப்பும் இல்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் "பாத்தாச்சு" என்றேனே, அதற்கு எந்த மொழியிலும் ஒரே அர்த்தம்தான்.

பதினான்கை உருட்டி முடித்து, பதின்மூன்று, பதினைந்து என்று மூன்று கிரீன்களை முடித்தான். உறைந்த புல் கண்ணாடி மாதிரி. மேலே பாரம் ஏறினால் உள்ளுக்குள் நொறுங்கும். அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. மதியம் வெயில் ஏறியபோது மூன்றிலும் உருளை போன வழியெல்லாம் பட்டை பட்டையாகக் கறுத்துவிட்டது. சனிக்கிழமைப் போட்டியில் அந்த மூன்று குழிகளுக்கும் ஓரத்தில் தற்காலிகமாகக் குழி வெட்டி விளையாடினார்கள். உறுப்பினர்கள் கத்தினார்கள். புல் தேற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

4

திங்கட்கிழமை விசாரணை. அலுவலகத்தில் நிர்வாகி லிண்டா, கிரெய்க், ராஜலிங்கம், நான். லிண்டா மோசமான பெண் இல்லை. எல்லோருக்கும் காபி எடுத்து வைத்தாள். ராஜலிங்கத்துக்கு ஆங்கிலம் போதாது என்பதால், "நஸீர், நீ மொழிபெயர்த்துச் சொல்" என்றாள். வேறு யார் இருக்கிறார்கள் அந்த ஊரில்?

உள்ளே போகும் முன் ராஜலிங்கம் என்னிடம் கேட்டான். "எல்லாத்தையும் சொல்லீரலாமாலே?"

"சொல்லு, நான் பாத்துக்கிடுகேன்" என்றேன். அந்த நிமிடம்வரை எனக்கு வேறு எண்ணம் இருக்கவில்லை. இதைச் சத்தியமாகச் சொல்வேன். நம்புவது உங்கள் இஷ்டம்.

லிண்டா கேட்ட முதல் கேள்வி: "வேலை தொடங்கும் முன் யாரிடமாவது கேட்டாரா?"

நான் தமிழில் கேட்டேன். அவன் பதில் சொன்னான், கொஞ்சம் சிரித்தபடியே. நான் பக்கத்தில் இருக்கும்போது அவனுக்கு என்ன பயம்?

"இவன்ட்டதான் கேட்டேன். பனி கெடக்கு உருட்டட்டான்னு கேட்டேன். பாத்தாச்சு, உருட்டுன்னான்."

லிண்டா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் என் வேலை பற்றிய சான்றுக் கடிதம் இருந்தது. தபாலில் போட்டுவிட்ட விண்ணப்பத்துக்குப் பின்னால் அனுப்ப அன்று மாலை அவள் கையெழுத்திட்டுத் தருவதாக இருந்தது. அதைத்தான் பார்த்தேனா, கிரெய்க்கின் முகத்தைப் பார்த்தேனா, நினைவில்லை. என் வாய் ஆங்கிலத்தில் சொன்னது இது: "வெறும் ஈரம் என்று நினைத்தாராம். யாரிடமும் கேட்கவில்லையாம்."

கிரெய்க் பயிற்சித் தாளை எடுத்து ராஜலிங்கத்தின் கையெழுத்தைக் காட்டினார். "இது விளக்கிச் சொல்லப்பட்டிருக்கிறதே?" நான் ஆமாம் என்றேன். அதை ராஜலிங்கத்துக்கு மொழிபெயர்க்கவே இல்லை.

ராஜலிங்கம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கவில்லை என்பதற்கான ஆங்கிலம் புரியும் அளவுக்கு அவன் துபாயில் இருந்திருக்கிறான்.

"சொல்லீட்டியா?" என்றான்.

"சொல்லீட்டேன்."

"செரி."

அதற்குப் பிறகு கேட்ட எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினான்.

அந்த வாரமே வேலை போயிற்று. இன்னொரு முதலாளியைத் தேடிப் புது அனுமதி வாங்கலாம் என்று ஒரு வழி இருந்தது. மாதக்கணக்கில் ஆகும், அதுவரை வேலை செய்யமுடியாது. "வேண்டாம்லே" என்றான். நான்தான் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். இரண்டு மணி நேரம் வண்டியில் ரப்பர் விலையைப் பற்றியும், ஷிஃபாவின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பேசினான். இறங்கும்போது, நாங்கள் வாங்கிக் கொடுத்த குளிர்கோட்டைக் கழற்றிப் பின் சீட்டில் மடித்து வைத்தான். "அங்க எதுக்கு இது?" என்றான்.

அடுத்த வருடம் எங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

5

எங்களுக்குக் குளிர்காலத்தில் வேலை குறைவு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டிசம்பரில் ஊருக்கு வருவோம். உம்மாவைப் பார்ப்பேன், சொந்தக்காரர் கல்யாணங்களுக்குப் போவேன், ஷிஃபாவைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போய்க் காட்டுவேன். அவள் அதை ஆங்கிலத்தில் ரசிப்பாள். கீரிப்பாறைக்கு மட்டும் போகமாட்டேன். "ராஜா மாமா வீடு பக்கம்தானே, போகலாமா?" என்று அவள் சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். நேரம் இல்லை என்பேன். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். தமிழில் பேசுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். அது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அவள் ஆங்கிலத்துக்கு மாறியபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன ஆறுதல் இருந்ததை இங்கே எழுதத்தான் வேண்டும். தமிழில் பேசினால் அந்தப் பெயர் வந்துவிடும் என்ற பயம்.

போன வருடம் கிரெய்க் ஓய்வு பெற்றார். அவர் நாற்காலி எனக்குக் கிடைத்தது. ரஹ்மத் பிரியாணி செய்தாள். நான் அதில் பாதியைக்கூடச் சாப்பிடவில்லை. இந்த ஜனவரியில் ஊருக்கு வந்தபோது ஒரு காலை வடசேரியில் கீரிப்பாறை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஏறும்வரை போவேன் என்று எனக்கே தெரியாது.

தோட்டத்தில் பால் சேகரிக்கிற நேரம். சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு ராஜலிங்கம் வரிசையில் நடந்து வந்தான். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தான்.

"ஏலே நஸீரே! எப்பம் வந்த? பிள்ள சுகமா இரிக்கா?"

சுகம் என்றேன். மரத்தடியில் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தோன்றியது. "மக்கா, அன்னைக்கு நீ சொன்னத நான் மாத்திச் சொன்னேன். நீ யார்ட்டயும் கேக்கல்லன்னு சொன்னேன்."

"தெரியும்லே."

"எப்பம் தெரியும்?"

"அன்னைக்கே. அங்க இருக்கும்பமே."

"பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல்ல?"

வாளியில் விழுந்திருந்த ஒரு சருகை எடுத்து வெளியே போட்டான். "சொன்னா, அதையும் நீதானலே இங்கிலீஷ்ல சொல்லணும்?"

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நடந்ததைச் சொல்வது மாதிரிதான் சொன்னான்.

வாளியைத் தூக்கிக்கொண்டே, "எனக்கிட்ட சொன்னது போவட்டு. வீட்டுக்கு வந்து செல்விக்கிட்ட சொல்லு" என்றான். செல்வி அவன் மனைவி. "நான் எந்திரத்தைக் கெடுத்துட்டு வந்தேன்னுதான் அவ இன்னும் நெனச்சிட்டிருக்கா. அவளுக்க அண்ணன்மாரும் அப்பிடித்தான். நான் சொன்னா, தப்பு செஞ்சவன் எல்லாவனும் இப்பிடித்தான் சொல்லுவான்னு சொல்லுவாவ. அதுனால நான் சொல்லவே இல்ல."

வீட்டில் செல்வி எனக்குக் கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். "இரிங்க அண்ணே, சோறு உண்டுட்டுப் போலாம்" என்றாள். நான் சொல்லத் தொடங்கியதும் ராஜலிங்கம் எழுந்து கிணற்றுப் பக்கம் போய்விட்டான். முழுவதையும் சொன்னேன். விண்ணப்பம், வாக்கிடாக்கி, லிண்டா கேட்டது, நான் சொன்னது. அவள் சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கேட்டாள். சத்தம் போடவில்லை.

"அண்ணே, இத அன்னைக்கே ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தா என்ன?"

நான் சாயாவைக் கீழே வைத்தேன்.

"ஒம்பது வருஷம். அவரு சாப்பிட உக்காரும்ப எல்லாம் ஏசியிருக்கேன். கெடச்ச வாழ்க்கைய கையால கெடுத்த மனுஷன்னு எங்க அண்ணன்மாருக்க முன்னால சொல்லியிருக்கேன். அந்தப் பேச்செல்லாம் நான் இனி எப்பிடித் திருப்பி எடுக்க?"

சோறு உண்ணாமல்தான் பஸ் ஏறினேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இருக்கச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை.

6

பிப்ரவரியில் கனடா திரும்பியதும், மைதானத்தின் பழைய கோப்பில் உண்மையைப் பதிவு செய்யவேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டேன். லிண்டா எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டாள். இப்போது இருக்கும் நிர்வாகி ஒரு இளைஞர். கணினியில் தேடிப் பார்த்தார். வேலையை விட்டுப் போனவர்களின் கோப்புகளைச் சில வருடங்களுக்கு மேல் வைத்திருப்பதில்லையாம். அரைத்து அழித்துவிட்டார்களாம். "நஸீர், அந்தப் பெயரில் இங்கே எந்தத் தவறும் பதிவாகவில்லை. கவலைப்படாதே" என்றார் சந்தோஷமாக. அவர் எனக்கு நல்ல செய்தி சொல்வதாகத்தான் நினைத்தார். திருத்துவதற்கு ஒரு காகிதம்கூட இல்லை. செல்வியின் வீட்டில் மட்டும் எல்லாம் அப்படியே இருக்கிறது.

இவ்வளவும் மனதில் கிடக்கும்போதுதான் இன்று காலை என்று நான் தொடக்கத்தில் எழுதினேனே, அந்தக் காலையில் ஷிஃபா பனியைப் பற்றிக் கேட்டாள். அன்று மதியம் வீட்டில் சமையலறை மேசையில் அவளை உட்காரவைத்துச் சொன்னேன். தமிழில் தொடங்கி, அவளுக்குப் புரியவேண்டிய இடங்களில் ஆங்கிலத்துக்கு மாறி. ரஹ்மத் அடுப்பைப் பார்த்து நின்றபடியே கேட்டாள். அவள் கொஞ்சம் ஊகித்திருக்கிறாள் என்பது அவள் திரும்பாததிலிருந்து தெரிந்தது.

"ராஜா மாமாவையா?" என்றாள் ஷிஃபா. அவளுக்கு அவனை நினைவிருந்தது.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "மாமா தமிழ்ல சொன்னதை அப்படியே சொல்லுங்க. நீங்க இங்கிலீஷ்ல சொன்னதையும் அப்படியே சொல்லுங்க. ஒண்ணும் விடாதீங்க." சொன்னேன். மாமா சொன்னதை ஆங்கில எழுத்துகளில் எழுதிக்கொண்டாள்; தமிழ் எழுத்து அவளுக்கு வராது. பயிற்சித் தாளைப் பற்றியும் கேட்டாள். எழுதி முடித்ததும், "இதை லெட்டரா அனுப்புங்க. தமிழ்ல. சைன் பண்ணி" என்றாள்.

எழுதினேன். பதினான்காம் கிரீனை நான் போய்ப் பார்க்கவில்லை என்றும், பார்த்ததாகச் சொன்னேன் என்றும், ராஜலிங்கம் கேட்டுவிட்டுத்தான் வேலை செய்தான் என்றும், அவன் சொன்னதை நான் மாற்றிச் சொன்னதால்தான் அவனுக்கு வேலை போயிற்று என்றும், அவனுக்கு விளக்கிச் சொல்லாமலே கையெழுத்து வாங்கினேன் என்றும் எழுதினேன். மன்னிப்பு என்று ஒரு வரி எழுதிவிட்டு அடித்தேன். அந்தக் கடிதம் என்னைப் பற்றியதாக ஆகிவிடக்கூடாது. மேற்பார்வையாளர் என்று போட்டுக் கையெழுத்திட்டேன். அந்தப் பதவியை முதல்முறையாக வெட்கத்தோடு எழுதினேன்.

இதையெல்லாம் எழுதத் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது மே நடுவாகிவிட்டது. மண் சூடேறிவிட்டது. போட்ட துளைகள் எல்லாம் மூடி, மணலை இழுத்துக்கொண்டு புல் மேலே வந்துவிட்டது. அடுத்த வாரம் கத்தியை இன்னும் கொஞ்சம் இறக்கப்போகிறேன்.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால், மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்வி போன் செய்தாள். கீரிப்பாறையில் அப்போது இருட்டியிருக்கும். பின்னால் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது.

"அண்ணே, கடுதாசி வந்துது. இன்னைக்கு எங்க அண்ணன்மாரு வந்திருக்காவ. அவிய இருக்கும்பமே நான் சத்தமா வாசிச்சேன். ரெண்டு தடவ வாசிச்சேன்."

"அவிய என்ன சொன்னாவ?"

"என்னத்தச் சொல்லுவாவ? பெரிய அண்ணன் இவருக்க கையைப் பிடிச்சாரு. இவரு கையை எடுத்துட்டு எழும்பி வெளிய போயிட்டாரு. முற்றத்துலதான் நிக்காரு."

"போனைக் கொடு அவன்ட்ட."

அவள் நடந்து போவது கேட்டது. கதவு திறந்தது. "நஸீர் அண்ணன்" என்றாள். பிறகு தூரத்திலிருந்து ராஜலிங்கத்தின் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது.

"பொறவு பேசுகேன்னு சொல்லு."

செல்வி போனைக் காதில் வைத்து, "பொறவு பேசுவாராம் அண்ணே" என்றாள்.

சரி என்றேன். இதுவரை பேசவில்லை. வேலை நேரத்தில் போனைக் கொட்டகையில் வைத்துவிட்டுப் போவது இங்கே விதி. அந்த விதியைப் போட்டவனே நான்தான். இப்போது அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கிரீனுக்குப் போகிறேன்.